தேநீரும் குவளையும்



உணவும் உடல்நலமும் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். உணவைவிட, அதனை ஏந்தி வரும் ஏனத்தைப் பற்றிப் பேசவே விழைகின்றோம்.

நம் தந்தையார் ஊர்த் தேநீர்க்கடையில் தேங்காய்ச் சிரட்டையில் பருகியவர். நம் இளமையில் தனிக்குவளை வந்தது. பருகியபின் நாமே கழுவிக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950ஆம் ஆண்டே தீண்டாமையை ஒழித்துவிட்டது. கடைக்காரருக்கு அச்செய்தி எட்டவில்லை போலும்! பின்னர்ப் பிளாஸ்டிக் குவளை வந்தது. கழுவும் இழிவு நீங்கிற்று என்று மகிழ்ந்தவர்களுள் நாமும் ஒருவர். பலகையில் அமர்ந்திருந்தோர் கைகளில் கண்ணாடிக் குவளை இருந்ததைக் காலங்கடந்தே கவனித்தோம்.

2019 சனவரி முதல் நாளிலிருந்து பிளாஸ்டிக் குவளையையும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையையும் தமிழக அரசு தடைசெய்தது. ஆயினும் காகிதக் குவளை கடைகளினின்று மறையவில்லை. வெறுங்காகிதம் கொதிதேநீரைத் தாங்காது. ஆதலால் அதன் உட்புறத்தே மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டப்படுகிறது. அத்தகைய குவளையில் 100 மில்லி லிட்டர் சுடுநீரைப் பதினைந்து நிமிடம் வைத்தால் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் நீரில் கலக்கின்றன என்று கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் கண்டறிந்தனர்.

துகள் ஒருபுறம், கண்ணுக்கே புலப்படாத வேதிப்பொருள்கள் மற்றொருபுறம். பி.வி.சி. பிளாஸ்டிக்கை நெகிழச் செய்யும் தாலேட்டுகள் அதனோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை; எண்ணெயும் கொழுப்பும் கண்டால் கசிந்து கலந்துவிடும். கடினமான பாலிகார்பனேட் புட்டியிலும், உணவு அடைக்கும் தகரக் குவளைகளின் உட்பூச்சிலும் இடம்பெறுவது பிஸ்பீனால்-ஏ. அது பெண்மைச் சுரப்பு நீரைப் போலச் செயற்படுவதை 1936ஆம் ஆண்டிலேயே இலண்டனில் டாட்ஸ் என்னும் அறிஞர் காட்டினார். பால்புட்டியிலிருந்து அதனை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியதோ 2011இல்தான்! அன்றாடம் உடல் ஏற்கத்தக்க அளவை 2023இல் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருபதாயிரம் மடங்கு குறைத்துவிட்டது. சுவையோ மணமோ கொண்டு இவற்றை நாம் அறிய இயலாது. சூடும், எண்ணெயும், நெடுநேரமும் கசிவை மிகுவிக்கும். கொதிக்கும் சாம்பாரைப் பையில் கட்டி வாங்கும் தாய்மார்கள் தூக்குவாளி கொண்டு செல்லுதல் நலம்.

தேநீருக்கும் வீட்டிலிருந்தே குவளை கொண்டு செல்லுங்கள் என்று சூழல் அறிஞர்கள் அறிவுறுத்துகின்றனர். நல்ல அறிவுரையே, ஆனால் தேநீர்க்கடையில் அது நமக்குப் பொருந்தாது. அன்று கடைக்காரர் ஒதுக்கிவைத்த தனிக்குவளையை இன்று நாமே சுமந்து செல்வதாகிவிடும். எல்லோர்க்கும் உரிய கண்ணாடிக் குவளையையே, வெந்நீரில் கழுவித் தரச்சொல்லிக் கேட்போம்.

நம் பள்ளியின் மேனிலை மாணவன் ஒருவன் அவ்வாறு கேட்டான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் குவளையில் தந்தார். மறுநாள் காகிதக் குவளையே வந்தது. அவன் அதனைத் தொடாமல் நின்று, மீண்டும் கேட்டானாம்.