அன்பினாலும் பாசத்தினாலும்

என்னைவிடச் சட்டம் அதிகம் படித்தவர்கள் முன்வரிசையில் இருக்க, தலைமை நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். பெருமைதான், ஆனால் காலையிலிருந்து நாலு டம்ளர் தண்ணீர் குடித்தும் தொண்டை காய்கிறது.

‘மாறிவரும் குடும்பச் சட்டம்: மணமுறிவும் பெற்றோரும்’ என்பது கொடுக்கப்பட்ட பொருள். இந்த அவைக்கு அரிச்சுவடி தேவையில்லை. பரஸ்பர சம்மத மணவிலக்கில் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்றது 2017 தீர்ப்பு. ஒட்டவே முடியாதபடி முறிந்த திருமணத்தை 142ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றமே கலைக்கலாம் என்றது 2023 மே 1 தீர்ப்பு. அந்த அதிகாரம் தில்லியோடு சரி, திருச்சி குடும்ப நல நீதிமன்றத்துக்குக் கிடையாது. குழந்தை யாரிடம் என்பது பற்றிப் பிற்பகலில் கட்டுரைகள் இருக்கின்றன. அதைக் கட்டுரையாளர்களிடம் விட்டுவிடுகிறேன்.

நான் பேச வந்தது செட்டில்மெண்ட் பத்திரத்தைப் பற்றி. தீர்ப்புகளைப் புரட்டுகிற நாம் பத்திரத்தைப் படிப்பதே இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு தகப்பனார் மகனுக்கு எழுதிக்கொடுத்ததை எடுத்துப் பாருங்கள். ‘தங்கள்பேரில் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று தொடங்கும். ‘எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய மாட்டேன்’ என்று முடியும். ‘என்னை ஆயுள் பரியந்தம் காப்பாற்றி வர வேண்டியது’ என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. பத்திர எழுத்தர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். “அதைப் போட்டா பையனுக்கு லோன் கிடைக்காது சார்” என்றார்.

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு நாம் அறிந்ததே. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை அதை மீறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். எழுதாத நிபந்தனையை என்ன செய்வது? அன்பும் பாசமுமே அந்த நிபந்தனை என்று ஒரு கருத்தரங்கில் நான் வாதிட்டபோது, அதெல்லாம் பத்திர எழுத்தரின் சடங்குச் சொற்கள் என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றபோது, எனக்கு வாழ்த்து அட்டை ஒன்று அனுப்பினார். பத்திரமாக வைத்திருக்கிறேன். 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பும் பாசமுமே உள்ளுறை நிபந்தனை என்றது சென்னை உயர் நீதிமன்றம். நான் பதில் அட்டை அனுப்பவில்லை. நண்பர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்.

ஆனால் ஜெயித்ததாக நினைத்து உட்கார எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய்க்குக் கிடைத்தது நியாயம். அதே கதவு வழியாக வேறொன்றும் நுழைகிறது. மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து வழக்கு நடக்கிறது. வீடு மகன் பெயரில். பெற்றோர் கோட்டாட்சியரிடம் போய், மகன் எங்களைக் கவனிக்கவில்லை என்கிறார்கள். மகன் மறுத்துப் பேசுவதில்லை. பத்திரம் ரத்தானதும் மருமகள் குழந்தையோடு வாசலில் நிற்பாள். எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும் மட்டுமே தரப்பினர் என்றால், அவள் பெயர் மனுவில் வர வேண்டிய தேவையே இல்லை.

இது என் கற்பனையில்லை. கணவன் வாங்கிய வீடு தகப்பனாருக்கு விலைக்குப் போய், அவரிடமிருந்து தாயாருக்குத் தானமாகி, கடைசியில் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் மருமகளை வெளியேற்ற உத்தரவு வந்த பெங்களூரு வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் துடைத்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. பெற்றோர் பக்கம் பேசும் கட்டுரைகளில் இந்தத் தீர்ப்பு அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. மருமகள் பக்கம் பேசுகிறவர்கள் நாகப்பட்டினத்தைத் தொடுவதில்லை. இரு தரப்பும் பாதி வீட்டைத்தான் படிக்கிறார்கள்.

ஆகவே இன்று மாலை ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்: அந்த வீட்டில் குடியிருக்கும் மருமகளுக்கு அறிவிப்பு அனுப்பி, அவள் சொல்வதைக் கேட்காமல் 23ஆம் பிரிவின்கீழ் எந்தப் பத்திரத்தையும் ரத்து செய்யக் கூடாது. வழிமொழிய ஒருவர் வேண்டும். மூன்றாம் வரிசை நண்பர் எழுந்தால் மகிழ்வேன்.