எண்ணும் எழுத்தும்: செர்பியமும் போடோவும்



மாநாட்டின் பொருளை அறிவித்த நாள்முதல் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. பால்கன் நாட்டு ஸ்லாவிய மொழி ஒன்றுக்கும், பிரம்மபுத்திராவின் வடகரையில் வழங்கும் திபெத்திய-பர்மிய மொழி ஒன்றுக்கும் என்ன உறவு? உறவு ஏதும் இல்லை. உறவில்லாத மொழிகள் வேண்டும் என்றுதான் இவ்விரண்டையும் தேர்ந்தோம்.

ஒப்பிலக்கணம் என்றதும் 1856இல் வந்த கால்டுவெல்லின் நூல்தான் நம் நினைவுக்கு வருகிறது. மொழிகளின் இனம் காட்டிய அந்த நூலுக்கு நாம் பட்ட கடன் பெரிது. இனம் தேடாத ஒப்பீடு ஒன்றும் உண்டு. 1963இல் வெளியான ஜோசப் கிரீன்பெர்க்கின் கட்டுரை, 30 மொழிகளை அருகருகே வைத்து, எல்லா மொழிகளுக்கும் பொதுவான போக்குகளைத் தேடியது. அந்த முப்பதில் செர்பியம் இருந்தது. திராவிட மொழிகள் சார்பில் கன்னடம் இருந்தது. போடோவின் தூரத்து உறவான பர்மியமும் இருந்தது, போடோ இல்லை. நல்ல இலக்கணமும் அகராதியும் உடைய மொழிகளே இப்படிப்பட்ட பட்டியல்களில் எளிதில் இடம் பெறுகின்றன. எஞ்சிய மொழிகளையும் உள்ளே கொண்டுவராமல் ‘எல்லா மொழிகளுக்கும்’ என்று நாம் பேசுவது முறையாகாது.

எண்ணுவதைப் பாருங்கள். செர்பியத்தில் நகரத்துக்கு ‘க்ராத்’ என்று பெயர். இரண்டு, மூன்று, நான்கு நகரங்கள் என்றால் பெயர் ‘க்ராதா’ ஆகிறது. ஐந்து என்றால் ‘பேத் க்ராதோவா’. பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்குத் தாவிவிடுகிறது. இருபத்தொன்று வந்ததும் மீண்டும் ஒருமை! ஒருமை, பன்மை என்ற இரண்டில் அடங்காத அந்த நடு வடிவம் பழைய இருமையின் எச்சம். சமஸ்கிருதம் படித்தவர்கள் இருமையை அறிவார்கள். செர்பியத்தில் இருமை வழக்கொழிந்தபோது அதன் வடிவம் இரண்டோடு நிற்காமல் மூன்றுக்கும் நான்குக்கும் பரவிவிட்டது.

போடோவில் பெயர் அசையாமல் நிற்கிறது, எண்தான் உருமாறுகிறது. ‘மான்சி சாசே’ என்றால் ஒரு மனிதர். ‘மான்சி சாதாம்’ என்றால் மூன்று மனிதர். ‘சே’ ஒன்று, ‘தாம்’ மூன்று; முன்னால் நிற்கும் ‘சா’ மனிதருக்கு உரியது. விலங்கை எண்ணும்போது அது ‘மா’ ஆகும். பழத்தை எண்ணும்போது ‘தாய்’ ஆகும். பொருள் எந்த வகை என்று தீர்மானிக்காமல் எண்ணைச் சொல்லவே முடியாது. நமக்கு இது பாதி பழக்கமானது. மூவர் வந்தார்கள் என்கிறோம், மூன்று மாடுகள் வந்தன என்கிறோம். தமிழ் உயர்திணை, அஃறிணை என்ற ஒரு வெட்டோடு நின்றுகொள்கிறது. போடோ வடிவத்தையும் பார்த்து மேலும் மேலும் வகுத்துக்கொண்டு போகிறது.

ஐரோப்பிய மொழிகளின் இலக்கணச் சட்டகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போடோவை அணுகுகிறவர் முதலில் பால் எங்கே என்று தேடுவார். இலக்கணப் பால் அங்கே கிடையாது. குறைபட்ட மொழி என்று எழுதிவிடுவார். அதே தேடலைத் திருப்பிப் பார்க்கலாம். போடோ பேசும் ஆய்வாளர் செர்பியத்திடம், “உன் எண் பெயரின் வகையை எங்கே கவனிக்கிறது?” என்று கேட்கட்டும். அடிப்படை எண்களில் ஒன்றும் இரண்டும் மட்டுமே பாலுக்கேற்ப மாறுகின்றன, மூன்றிலிருந்து அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்ற விடை வரும். செர்பிய இலக்கண நூல்கள் பட்டியலாகத் தரும் இச்செய்தி, போடோவின் பக்கமிருந்து கேட்கும்போதுதான் காரணம் தேடவேண்டிய கேள்வியாகிறது.

இனி எழுத்து. 1847ஆம் ஆண்டு இரு மொழிகளின் வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. செர்பிய எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, பிராங்கோ ராதிசெவிச்சின் கவிதைகள், நியெகோஷின் காவியம், வூக்கின் எழுத்துமுறைக்காக வாதாடிய தானிசிச்சின் நூல் ஆகிய நான்கும் அந்த ஓராண்டில் வெளிவந்தன. மக்கள் பேசும் செர்பியம் இலக்கிய மொழியாக நிலைபெற்றது. கல்கத்தாவில் பிரையன் ஹாட்ஜ்சன் கோச், போடோ, திமால் மக்களைப் பற்றிய நூலை வெளியிட்டதும் 1847இல்தான். அங்கே பேசுபவர்களே தம் மொழியை எழுதினார்கள். இங்கே வெளியிலிருந்து வந்த ஒருவர் எழுதினார். போடோ மக்கள் தம் மொழிக்கென்று போடோ சாகித்திய சபாவை நிறுவியது 1952இல். தொடக்கப் பள்ளியில் போடோ பயிற்றுமொழியானது 1963இல்.

இரு மொழிகளுமே எழுத்துக்காகப் போராடியவை. தம் 1818 அகராதியில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையை வகுத்த வூக், லத்தீனிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டதற்காகத் திருச்சபையின் எதிர்ப்பைச் சந்தித்தார். செர்பிய அரசு அவருடைய எழுத்துமுறையை முழுதாக ஏற்றது 1868இல், அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து. அசாமிய, வங்க, ரோமன் எழுத்துகளில் எழுதப்பட்டுவந்த போடோவுக்கு ரோமன் எழுத்து வேண்டும் என்று 1974இல் எழுந்த கிளர்ச்சியில் உயிர்கள் பலியாயின. 1975இல் தேவநாகரி ஏற்கப்பட்டது. நம் குற்றியலுகரத்தைப் போல இதழ் குவியாமல் ஒலிக்கும் போடோவின் உயிரொலிக்குத் தேவநாகரியின் ஓகாரத்தைக் கொடுத்துவிட்டு, ஒகர ஒலிக்குத் தனிக்குறி ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுத்து எதுவாயினும் ஒலியின் உரிமையை விட்டுக்கொடுக்காத அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். 2003இல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் போடோ இடம் பெற்றது.

இரு மொழிகளின் எழுத்திலும் ஒரு பொதுக் குறை இருக்கிறது. செர்பியத்தில் ‘க்ராத்’ நீண்டு ஒலித்தால் நகரம், குறுகி ஒலித்தால் ஆலங்கட்டி. செய்தித்தாளில் இரண்டும் ஒன்றுபோலவே அச்சாகும். போடோவில் ‘ஹா’ என்பது குரலின் ஏற்ற இறக்கத்தால் மண்ணையும் குறிக்கும், இயலுதலையும் குறிக்கும். வூக் அன்றாட எழுத்தில் அழுத்தக் குறிகளை இடவில்லை, அகராதியில் இட்டார். போடோ அகராதிகளும் ஒவ்வொரு சொல்லுக்கும் சுரத்தைக் குறிக்க வேண்டும். அது இல்லாமல், நகரங்களில் வளரும் போடோக் குழந்தைகள் பாட்டியின் உச்சரிப்பை எந்த நூலிலிருந்து மீட்பார்கள்? 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 14.8 லட்சம் பேர் பேசும் மொழி இது. கோக்ரஜாரிலும் உதால்குரியிலும் முதியோரின் பேச்சைப் பதிவுசெய்து சுரம் குறிக்கும் பணியில், செர்பிய அழுத்தவியலைக் கற்ற ஆய்வாளர்கள் கைகொடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வாசிப்போர் எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுச் சொல்லிக்காட்டுங்கள். பலகையில் எழுதுவதோடு நிறுத்த வேண்டாம்.

முதல் அமர்வு எண்ணுப்பெயர்களைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.