முதிய நாயின் பின்னங்கால்கள்



நாயின் நன்றியைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. முதுமை எய்திய நாய்க்கு நாம் காட்ட வேண்டிய நன்றியைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர். கால்நடை மருத்துவன் என்ற முறையில் அந்தக் கடனைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வயதான நாய் எழுந்திருக்கத் தடுமாறும், படியேற அஞ்சும், நடக்கையில் அதன் பின்பாதி ஒரு புறமாகச் சாயும். இயல்பாகவே நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களால் தாங்குகிறது. பின்னங்கால் நோகத் தொடங்கினால் இன்னும் அதிக பாரத்தை முன்னே தள்ளிவிடுகிறது. உழைப்பற்ற தசை மெலிகிறது, மெலிந்த தசை மூட்டைக் காக்கத் தவறுகிறது, நோவு பெருகுகிறது. "பாவம், கிழட்டு நாய், மூலையில் கிடக்கட்டும்" என்று நாம் இரக்கத்தோடு சொல்லும் சொல்லே அதன் கால்களுக்குப் பகையாகிறது.

இத்தளர்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. இடுப்பு மூட்டுத் தேய்ந்த நாய் காலையில் விறைத்து நிற்கும். சற்று நடந்தபின் இளகும். தண்டுவடம் பழுதுற்ற நாய்க்கோ தன் பாதம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது; நகங்கள் தரையில் உராயும். பாதத்தை மடக்கி, அதன் மேற்புறம் தரையில் படுமாறு வைத்தால், நலமுள்ள நாய் உடனே அதைத் திருப்பிக்கொள்ளும். நரம்பு தளர்ந்த நாய் அப்படியே நிற்கும். காரணம் இன்னதென மருத்துவர் கண்டறிந்த பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும். கால்கள் திடீரெனச் செயலற்றுப் போனால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை நாமாகக் கொடுப்பது அதன் உயிருக்கே தீங்காகலாம்.

நீரில் மூழ்கிய பொருள் எடை குறைந்தாற்போல் தோன்றும் என்ற ஆர்க்கிமிடீஸின் விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். இடுப்பளவு நீரில் நிற்கும் நாயின் கால்கள் அதன் எடையில் 38 விழுக்காட்டையே தாங்குகின்றன என்று 2010-இல் வெளிவந்த அளவீடு ஒன்று காட்டுகிறது. நீர்த்தொட்டிக்குள் ஓடும் பட்டையின்மீது நாயை நடக்கச் செய்யும் சிகிச்சை இவ்விதியைக் கொண்டே எழுந்தது.

தொட்டி இல்லாத வீட்டிலும் வழியுண்டு. வழுக்கும் தரையில் சாக்கு விரியுங்கள், நகங்களை வெட்டிவிடுங்கள். உட்காரவைத்து எழச் செய்வது தொடைத் தசைக்கு நற்பயிற்சி; முதலில் நான்கைந்து முறை போதும். மூங்கிற்கழிகளைத் தரையில் இடைவெளிவிட்டுக் கிடத்தி, மெல்லத் தாண்டி நடக்கச் செய்தால், பாதத்தைத் தூக்கி வைக்கும் பழக்கம் மீளும். தள்ளாடும் நாயின் அடிவயிற்றைச் சுற்றித் துண்டொன்றைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். களைப்புத் தோன்றுமுன் நிறுத்திவிடுங்கள். நீண்ட நடை ஒன்றைவிடக் குறுநடை மூன்று மேல்.

உடல் பருக்கவும் விடாதீர்கள். 48 லாப்ரடார் நாய்களில் ஒரு பாதிக்கு நான்கில் ஒரு பங்கு உணவு குறைத்து, வாழ்நாள் முழுதும் கவனித்தனர் அமெரிக்க ஆய்வாளர். 2002-இல் வெளியான முடிவுப்படி, குறைத்து உண்டவை 13 ஆண்டளவும் மற்றவை 11.2 ஆண்டளவும் வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது.

தீராத நோயில் பயிற்சியால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அல்சேஷன் போன்ற இனங்களில் தண்டுவடத்தைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய் ஒன்று உண்டு. அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. அந்நோய் உள்ளனவாகக் கருதப்பட்ட 22 நாய்களைப் பற்றிய சுவிட்சர்லாந்து ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. பயிற்சி பெறாதவை சராசரியாக 55 நாளும், மிதமாகப் பெற்றவை 130 நாளும், நன்கு பெற்றவை 255 நாளும் வாழ்ந்தன. 22 என்பது சிறு தொகையே. அதனால் முடிந்த முடிபாக இதனைக் கொள்ளலாகாது. ஆயினும் அந்த 200 நாள் வேறுபாட்டை எளிதென ஒதுக்கவும் இயலாது.

பயிற்சி முதுமையைப் போக்காது. எஞ்சியுள்ள வலிமையை வீணாகாமல் காக்கும். அதற்கு வேண்டுவது பெருஞ்செல்வமன்று. நாள்தோறும் சிறிது நேரமும், நீங்காத பொறுமையுமே. பத்தாண்டு நம் வாயிலைக் காத்த உயிர் தன் காலால் நடந்து வாயிலுக்கு வர நாம் துணை நிற்பது சலுகையன்று, கடமை.