செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்ட செடி

மண்ணச்சநல்லூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி ஒரு இரைச்சல் கேட்டா அது அரிசி மில். எவ்வளவு எடிட் பண்ணாலும் முழுசா போகல, பொறுத்துக்கோங்க.

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாம, விலை கூடின லைட் இல்லாம மீன் தொட்டியில செடி வளர்க்க முடியுமா?" முடியும். என்கிட்ட இருக்கிறது ரெண்டடி தொட்டி, சாதாரண எல்.ஈ.டி., போர் தண்ணி. ஆனா முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடுறேன்.

ஆரம்பத்துல மூணு செடி வாங்கினேன்: ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் வென்டி. மூணுமே குறைஞ்ச வெளிச்சத்துல மெதுவா வளர்றவை. அனுபியாஸுக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. வென்டி நமக்குப் பக்கத்துல, இலங்கைச் செடி. மூணையும் மணல்ல அழுத்தி நட்டேன். ரெண்டு வாரத்துல வென்டி இலையெல்லாம் கூழாகிக் கரைஞ்சது. பதறிப்போய் லைட்டை 12 மணி நேரமாக்கினேன், உரம் ஊத்தினேன், பாதித் தண்ணியை மாத்தினேன். எல்லாம் ஒரே நாள்ல! ஆபீஸ்ல யாராவது நாலு மாற்றத்தை ஒண்ணா ஏத்தினா நானே திட்டுவேன். கடைசியில தொட்டி பச்சையாச்சு, செடியால இல்ல, பாசியால. வெறுத்துப்போய் மொத்தத்தையும் பிடுங்கி வாய்க்கால்ல போட்டுட்டேன்.

அப்புறம் படிச்சப்போதான் தெரிஞ்சது, வென்டி சாகவே இல்ல. இந்தச் செடிகளைப் பெரும்பாலும் பண்ணையில தண்ணிக்கு வெளியதான் வளர்க்கிறாங்க. தொட்டிக்குள்ள வந்ததும் பழைய இலை அழுகும். வேர் உயிரோட இருந்தா, சில வாரத்துல தண்ணிக்கு ஏத்த புது இலை வரும். நாம அழுகின இலையை மட்டும் எடுக்கணும், வேரைத் தொடக்கூடாது.

மத்த ரெண்டும் வேற கதை. ஜாவா ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் படுத்தமாதிரி தடிமனான தண்டு ஒண்ணு இருக்கும். அதை மணல்ல புதைச்சா அழுகிடும். நூலால கல்லுலயோ மரக்கட்டையிலயோ கட்டி விட்டா போதும்.

லைட் ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துல ஆரம்பிங்க, 8-ஐத் தாண்ட வேண்டாம். ஒரு டைமர் போட்டுடுங்க. மெதுவா வளர்ற செடி கூடுதல் வெளிச்சத்தைப் பயன்படுத்தாது, பாசிதான் பயன்படுத்திக்கும். மீன் கழிவே பாதி உரம். ஏதாவது மாத்தணும்னா ஒண்ணை மாத்திட்டு ரெண்டு வாரம் காத்திருங்க. "அது பாட்டுக்கு இருக்கட்டும்டா, தினம் ஏன் கையை விட்டுக் கிண்டுற?"ன்னு அம்மா அப்பவே சொன்னாங்க.

சரி, வாய்க்கால்ல போட்டதுக்கு வருவோம். அதுதான் இன்னும் உறுத்துது. நம்ம குளத்துல சாதாரணமா கிடக்குற ஹைட்ரில்லா, அதாவது வேலம்பாசி, 1950-கள்ல மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையில இருந்து ஃபுளோரிடாவுக்குப் போச்சு. தொட்டியில இருந்து வெளிய தப்பினது, அங்க ஆறு, ஏரியெல்லாம் அடைச்சது. இன்னைக்கும் செலவு பண்ணி எடுத்துட்டிருக்காங்க. அதுக்கு நேர் எதிரா இங்க ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவுல இருந்து அழகுக்காக உலகமெல்லாம் போன செடி, இப்போ நம்ம வாய்க்கால்ல தண்ணியை மறிக்குது. மேல மறிச்சா கடைமடை வயலுக்குத் தண்ணி போகாது.

நான் போட்ட வென்டி என்னாச்சுன்னு தெரியாது. அந்தப் பக்கம் போறப்பெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒண்ணும் கண்ணுல படல.

வெட்டின செடியை இப்போ மொட்டை மாடியில நல்லா காயவெச்சு, பூந்தொட்டி மண்ணுல கலந்துடுறேன். தொட்டித் தண்ணியும் பூச்செடிக்குத்தான். செத்துப்போச்சுன்னு நீங்க நினைக்கிற செடி உயிரோட இருக்கலாம். அதனால தொட்டிக்குள்ள இருந்தா பொறுமையா இருங்க, வெளிய எடுத்தா காயவெச்சுட்டுப் போடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.