அண்டை நாட்டுக்குத் திறந்த அணு ஆலை



அணுகுண்டு பரவாமல் தடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் ஈரானும் வடகொரியாவும்தான் செய்திகளில் அடிபடுகின்றன. குண்டு செய்யும் ஆற்றலை நெருங்கிவிட்டு, செய்யாமல் விலகிய இரண்டு நாடுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவை தென் அமெரிக்காவின் பிரேசிலும் அர்ஜென்டினாவும்.

1970களின் பிற்பகுதியில் இரண்டு நாடுகளிலும் ராணுவ ஆட்சி நடந்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இரண்டுமே சேரவில்லை. ஐந்து நாடுகள் மட்டும் குண்டு வைத்திருக்கலாம், மற்றவர்கள் கூடாது என்பது என்ன நியாயம் என்று கேட்டன. இந்தியா கேட்டதும் அதே கேள்விதான். அர்ஜென்டினா, பாட்டகோனியாவில் உள்ள பில்கனியேயுவில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலையை ரகசியமாகக் கட்டி, 1983 நவம்பரில்தான் உலகுக்கு அறிவித்தது. பிரேசில் கடற்படையும் அதே வேலையில் ரகசியமாக இறங்கியிருந்தது. அந்நாட்டு விமானப்படையோ அமேசான் பகுதியில் உள்ள கஷிம்பு தளத்தில் 300 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஒரு குழி தோண்டியது. அணுகுண்டைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்தக் குழி என்று பலரும் நம்பினார்கள்.

இந்த நிலையில்தான் அர்ஜென்டினாவில் மக்களாட்சி திரும்பியது, ராவுல் அல்ஃபோன்சின் அதிபரானார். 1985இல் பிரேசிலிலும் ராணுவம் விலகி, ஜோசே சார்னே பொறுப்பேற்றார். அந்த ஆண்டு நவம்பரில் எல்லை நகரமான ஃபோஸ் டு இகுவாசுவில் இருவரும் சந்தித்து, அணுசக்தியில் ஒத்துழைப்பதாக அறிவித்தார்கள். அறிக்கை விடுவது எளிது. அல்ஃபோன்சின் அதோடு நிற்கவில்லை. 1987 ஜூலையில் சார்னேயைப் பில்கனியேயு ஆலைக்கே அழைத்துப் போனார். ரகசியமாகக் கட்டிய ஆலையின் கதவை அண்டை நாட்டின் அதிபருக்கே திறந்துவிட்டார். மறு ஆண்டு சார்னே தம் நாட்டுக் கடற்படையின் ஆலையை அல்ஃபோன்சினுக்குக் காட்டினார். எந்த வல்லரசும் இதைச் செய்யச் சொல்லி அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் துணிச்சலான அரசியல் முடிவுகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

அடுத்து வந்த பிரேசில் அதிபர் கொலோர், 1990 செப்டம்பரில் கஷிம்பு போய், அந்தக் குழிக்குள் தம் கையாலேயே சுண்ணாம்பை அள்ளிப் போட்டார். மறு ஆண்டு இரு நாடுகளும் சேர்ந்து ஒரு கண்காணிப்பு அமைப்பை நிறுவின. அதன் தலைமையகம் ரியோ டி ஜெனிரோ. அர்ஜென்டினாவின் ஆலைகளைப் பிரேசில் நிபுணர்கள் சோதிப்பார்கள். பிரேசிலின் ஆலைகளை அர்ஜென்டினா நிபுணர்கள் சோதிப்பார்கள். 1991 டிசம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்துகொண்டது.

என்ன சோதிக்கிறார்கள்? அடிப்படையில் இது கடையின் சரக்கு இருப்பைக் கணக்குப் பார்ப்பது போன்ற வேலை. எவ்வளவு யுரேனியம் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, மீதி எங்கே? ஏட்டில் உள்ளதை எடை போட்டுச் சரிபார்ப்பார்கள், கலன்களுக்கு முத்திரை வைப்பார்கள், கேமரா பொருத்துவார்கள். உயர்செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235, அல்லது 8 கிலோ புளூட்டோனியம் காணாமல் போனால் அது ஒரு குண்டுக்குப் போதும் என்பது முகமை வைத்திருக்கும் அளவுகோல்.

உரசல் வராமல் இல்லை. 2004இல் பிரேசில் தன் ரெசெண்டே ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களைத் தொழில்நுட்ப ரகசியம் என்று சொல்லித் தடுப்பு வைத்து மறைத்தது. முகமை முழுதாகக் காட்டச் சொன்னது. மாதக்கணக்கில் பேசி, நடுவழி ஒன்றைக் கண்டார்கள். ஆய்வு தொடர்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அணு நிலையங்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள். கார்கில் போருக்குப் பிறகும் இது நிற்கவில்லை. ஆனால் பட்டியல்தான் கைமாறுகிறது, கதவு திறக்கவில்லை. நம் இரு நாடுகளிடமும் குண்டு இருப்பதால் தென் அமெரிக்க வழி அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். என்றாலும் கூடங்குளம் மின்நிலையத்துக்கும், பாகிஸ்தானின் கராச்சி, சஷ்மா மின்நிலையங்களுக்கும் சர்வதேச முகமையின் ஆய்வாளர்கள் ஏற்கெனவே வந்து போகிறார்கள். முகமையின் தலைமையகமான வியன்னாவிலிருந்து வருபவருக்குத் திறக்கும் அந்த மின்நிலையங்களில், பக்கத்து நாட்டு விஞ்ஞானி ஒருவருக்கும் அனுமதி கொடுக்க இரு அரசுகளும் முன்வர வேண்டும்.