டர்போ: பெரியதா, பொருத்தமானதா?



என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அண்மையில் செமோரில் என் வீட்டுக்கு வந்தான். காருக்குப் பெரிய டர்போ மாட்ட அம்மாவின் சேமிப்பைக் கேட்டிருக்கிறானாம். "பெரியது போட்டால் வேகம் கூடும்தானே, சார்?" என்றான்.

ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறதல்லவா? டர்போவும் அப்படித்தான். எஞ்சின் வெளியேற்றும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டிலுள்ள மறுசக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அது நிமிடத்திற்கு 100,000 சுற்றுக்கு மேலும் சுழலும்.

சிறிய டர்போ சட்டென்று சுழன்றுவிடும். ஆனால், எஞ்சின் வேகமெடுக்கும்போது அதற்கு மூச்சு முட்டும். பெரியது அதிகக் காற்றுத் தரும். ஆனால், சுழன்று வரத் தாமதமாகும். காற்றுக்கேற்ற பெட்ரோல் சேராவிட்டால் பிஸ்டனே உருகிவிடும்.

2002-ஆம் ஆண்டில் நம் நாட்டவரான கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காரை ஓட்டி, உலக ராலிப் போட்டியில் தயாரிப்புக் கார் பிரிவின் வாகையைச் சூடினார். அப்போது அப்பிரிவில் பெரிய டர்போ மாட்ட அனுமதி இருக்கவில்லை. காற்று நுழையும் வாயும் 32 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அப்போதைய விதி. எல்லாருக்கும் ஒரே அளவு மூச்சு! வென்றது ஓட்டுந்திறனும் காரைப் பக்குவப்படுத்திய கைகளும்தான்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் ஏசாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: எஞ்சின் தாங்குமா? பெட்ரோலும் எண்ணெயும் குளிர்ச்சியும் போதுமா? பிரேக் நிறுத்துமா?

பதில் தெரியாவிட்டால், அந்தப் பணத்தில் எஞ்சின் தொழிலையே படிக்கட்டும். என் மாணவனுக்கும் இதைத்தான் சொன்னேன்.