மறைந்த கசிவும் மருத்துவப் படமும்

புது தில்லியின் சாணக்யபுரியில், தமிழ்நாடு இல்லத்தால் நாமெல்லாம் அறிந்த சாலை கௌடில்ய மார்க். சாணக்கியருக்கே கௌடில்யர் என்பது மறுபெயர். அரசின் கருவூலத்திலிருந்து பொருள் கண்ணுக்குத் தெரியாமல் கரையும் வழிகளை அவருடைய அர்த்த சாஸ்திரம் எண்ணிக் காட்டுகிறது. நம் உடம்பிலும் அத்தகைய மறைந்த கசிவு ஒன்று நேர்வதுண்டு. அதன் இடத்தைக் கண்டறியும் முறைகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் நிற்கிறது; மூளை அதில் மிதக்கிறது. அந்நீரைத் தாங்கும் உறை முதுகெலும்பின் உள்ளே சற்றே கிழிந்தாலும் நீர் குறையும், மூளை தாழும். எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் தணிவு. சிலருக்கு மூளையின்மேல் இரத்தமும் கட்டும். 1938ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஷால்டன்பிராண்டு இந்நோயை விவரித்தார். ஆயினும் இன்றும் பலருக்கு இது ஒற்றைத் தலைவலி என்றே பெயர் பெற்றுவிடுகிறது.

முதலில் தலையை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் எடுப்பர். காடோலினியம் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினால், மூளையின் உறை பளிச்சென்று தோன்றும்; மூளை தாழ்ந்திருப்பதும் புலப்படும். கசிவு உண்டு என்பதற்கு இது சான்று. எங்கே என்பதற்கு விடை அன்று.

ஏரிக்கரையில் நண்டு வளை வழியே நீர் கசிவதை நாம் அறிவோம். வெளியே நீர் பரவித் தேங்கிய பின் வருபவனுக்குத் துளை எது என்று தெரியாது. பாயத் தொடங்கும்போதே பார்க்க வேண்டும். மருத்துவர் செய்வதும் அதுவே. இடுப்பில் ஊசியிட்டு, படத்தில் தெரியும் மருந்தை அந்நீரில் கலந்து, அது ஓடும்போதே எக்ஸ்ரே அல்லது சி.டி. படங்களை அடுத்தடுத்து எடுக்கின்றனர். எலும்பு முள் உறையின் முன்புறத்தைக் குத்தியிருக்கலாம் என்று கருதினால், நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பர். வேறொரு வகையில் நீர் எங்கும் தேங்காமல் நேரே சிரைக்குள் கலந்துவிடும். 2014ஆம் ஆண்டில்தான் இவ்வகை விவரிக்கப்பட்டது. இதற்கு ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரு பக்கங்களையும் தனித்தனியே படம் எடுப்பர். ஆகவே, ஒரு படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் கசிவே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

இடம் தெரிந்தால் வழி பிறக்கும். நோயாளியின் இரத்தத்தையே உறையின் வெளிப்புறத்தில் செலுத்தி அடைப்பர். வேண்டின் அறுவை செய்து தைப்பர்.

அயல் மாநிலத்தில், பழகாத மொழியில் நோயைச் சொல்லும் நாம், "தலை வலிக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நிற்கும்போதா, படுக்கும்போதா, எழுந்து எவ்வளவு நேரத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக. எங்கே தேடுவது என்று கருவிக்கு வழிகாட்டுவது அந்தச் சொல்தான்.